கொல்லனை வாதத்தில் வென்ற கதை

மேடைப் பேச்சில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு குறைபாடு உண்டு. அதை நாங்கள் தகுதி என்று சொல்லிக்கொள்வோம். எதிரில் இருப்பவர் வாய் திறந்தால் அவர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்று எங்களுக்குத் தோன்றாது. வாதிடுகிறார் என்றே தோன்றும். தலை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் நெற்றியைப் பிடிப்பதற்குள் அந்தக் கூற்றில் மூன்று ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிடுவோம். பத்தொன்பதாம் வயதில் இந்த நோய் எனக்கு முற்றிய நிலையில் இருந்தது. ஆவடியில் எங்கள் வீட்டு அலமாரியில் பதினேழு கேடயங்கள் அதற்குச் சாட்சி. (இரண்டு ஆறுதல் பரிசு. அம்மா அவற்றைத் துடைத்து முன்வரிசையில் வைப்பாள். நான் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிடுவேன்.)

அந்த நோயின் உச்சத்தில், என் அக்காவின் வீட்டில் ஒரே பகலில் மூன்று பேரை விரட்டியடித்தேன், ஒருவரைச் சாகடித்தேன். நால்வரும் கணினிக்குள் வாழ்ந்தவர்கள் என்பதுதான் என் தரப்பில் எடுத்துவைக்கக்கூடிய ஒரே சமாதானம். அது எடுபடவில்லை. அதற்கு மறுநாள் நான் செய்த காரியத்துக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

அக்கா பெயர் கலைவாணி. அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் புகார்களைப் படித்துப் பதில் எழுதுவது அவள் வேலை. அவளைக் கைப்பிடித்த செந்தில் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய தொழிற்சாலையில் லேத்து இயந்திரம் ஓட்டுபவர். இருவரும் குடியிருக்கும் கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இருவருக்கும் பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த திருமணம். திருமணமான முதல் மூன்று மாதங்கள் அந்த வீட்டில் நடந்த மொத்த உரையாடலையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம் என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள். "சாப்டீங்களா?" "ம்." "பூட்டிட்டீங்களா?" "ம்." அவர் கோபக்காரர் அல்லர், கூச்சக்காரர். அவளும் அப்படியே. அதை அவள் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அடுப்படியில், குரலைத் தாழ்த்தி, என்னிடம் மட்டும் சொன்னாள்.

நான்காவது மாதம் மாமா ஒரு பழைய கணினியைப் பிரித்துப் பூட்டி, அதில் ஓர் ஆட்டத்தை ஏற்றினார். நாம் ஒரு வீரனாகப் புறப்பட்டு, வழியில் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, மலைகளைக் கடந்து, கடைசியில் ஒரு கோட்டையை அடைய வேண்டிய நெடும்பயண ஆட்டம். பாதி நேரம் வாள்வீச்சு. பாதி நேரம் பேச்சு. எதிரில் நிற்பவர் ஏதேனும் சொன்னால் திரையில் நான்கு பதில்கள் விரியும். ஒன்றை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்பக் கதை திரும்பும். வாள்வீச்சில் மாமா மன்னர். பேச்சு வந்ததும் மாட்டிக்கொண்டார், ஏனென்றால் அது முழுக்க ஆங்கிலம். அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா ஈரக்கையோடு வந்து நின்று படித்துச் சொன்னாள். அடுத்த ஞாயிறு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டாவது நாற்காலி அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

நான் சனி, ஞாயிறுகளில் அங்கே சாப்பிடப் போகும்போது காதில் விழுந்தது இப்படித்தான் இருக்கும்:

"இன்னா சொல்றான் அந்தக் கெழவன்?"

"பாலத்தத் தாண்டினா பேய் இருக்காம். போகாதீங்கன்றான்."

"பேய்னா எத்தினி?"

"எத்தனைன்னு சொல்லலைங்க. அவங்கவங்க எதுக்கு பயப்படுறாங்களோ அதுதான் வருமாம்."

"அப்ப உங்கம்மாதான் வரும். வுடு, சுத்திகினு போய்டலாம்."

இப்படியே பதினான்கு மாதங்கள். தோழர்களுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். மலைபோன்ற உடம்பும் கையில் சம்மட்டியுமாக வரும் கொல்லன், மாமாவுக்கு 'அண்ணாத்தே'. காயங்களை ஆற்றும் வைத்தியப் பெண் 'முக்காடு'. யாழ் வாசித்துக்கொண்டே அம்பு விடும் ஒல்லிப்பையன் 'கச்சேரி'. அன்றைக்குக் கச்சேரிக்குக் காய்ச்சல் என்றால், அக்கா அலுவலகத்திலிருந்து மாமாவுக்குத் தொலைபேசியில் விசாரிப்பாள். அண்ணாத்தேவின் நம்பிக்கையைப் பெற ஏழு மாதம் ஆயிற்றாம்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆட்டத்தில் மாமா 'ஒரே உயிர்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. வீரன் செத்தால் ஆட்டமே அழிந்துவிடும். "செத்துச் செத்து எழுந்துகினே இருந்தா இன்னா மஜா மச்சான்?" என்பது அவர் தத்துவம்.

அந்த ஆண்டு பொங்கல் நெருங்கியபோது, கோட்டைக்கு ஓர் அத்தியாயமே மீதி. அக்கா ஏழு மாதக் கர்ப்பம். பொங்கல் முடிந்து பதினோராம் நாள் வளைகாப்பு. அன்றே ஆவடிக்கு அழைத்து வந்துவிடுவதாக ஏற்பாடு. பிறகு பிரசவம், குழந்தை, தூக்கமில்லாத நாட்கள். "இந்தப் பொங்கல் லீவுலயே கோட்டைக்குப் போயிடணுங்க. அப்புறம் நமக்கு எங்க நேரம்?" என்று அக்கா சொல்வதையும், மாமா அதற்காகவே நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததையும் நான் என் இரு காதுகளாலும் கேட்டேன். காதில் விழுந்ததெல்லாம் கேட்டதாகுமா என்பது வேறு விவாதம்.

இந்நிலையில் அவர்களுடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம். முந்தைய ஆண்டு மாமியாரா, மருமகளா என்று தலைப்பு வைத்ததில் இரண்டாவது மாடியில் இரண்டு வீடுகள் இன்னமும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. ஆகவே, யார் மனமும் புண்படாத தலைப்பாக இம்முறை இளைஞர்களிடம் கேட்டு வாங்கியிருந்தார்: 'கணினி வீர விளையாட்டுகளில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது கதையே! போரே!'

"தம்பி, நீங்க கதை. மூணாவது பிளாக் மோனிஷா, சண்டை. எட்டு நிமிஷம். யாரையும் பேர் சொல்லித் தாக்கிடாதீங்க," என்று கும்பிட்டார்.

கதையே என்று கேட்டதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. சொல்லின் கட்சி அல்லவா! அதுவரை எந்த ஆட்டத்தையும் ஆடியதில்லை என்பது எனக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. (கடற்படையின் தேவை குறித்து மாநில அளவில் பேசி முதற்பரிசு வாங்கியவன் நான். அப்போது கடலுக்குள் முழங்கால்வரைகூட இறங்கியதில்லை.)

மாமா நல்ல மனிதர். "மச்சான், ஒரு மணி நேரம் பக்கத்துல குந்திப் பாரு. பேச்சே வோணாம். தானா புரியும்," என்றார்.

"பார்வையாளனாக அமர்வது வேறு மாமா, களத்தில் இறங்குவது வேறு," என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

போகிக்கு முந்தைய சனிக்கிழமை, வளைகாப்புக்கு அழைக்க இருவரும் பூந்தமல்லியில் உள்ள மாமாவின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். குறிப்பு எடுக்க வேண்டும் என்று நான் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"ஆட்டத்தத் தொறந்து பாக்கலாமா மாமா?"

செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாரு மச்சான். அமுக்காத."

அவர்களின் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அமர்ந்தேன்.

திரையில் பனி பெய்யும் ஒரு மலைச்சரிவு. நடுவே நெருப்பு. சுற்றிலும் அண்ணாத்தே, முக்காடு, கச்சேரி மூவரும். கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அப்போதுதான் கொல்லன் தலை நிமிர்ந்து பேசினான். நாளைக்கு நாம் கடக்கப்போகும் பாதை என் ஊர் வழியாகப் போகிறது. அந்த ஊரைக் கொளுத்தியவன் என் உடன்பிறந்த தம்பி. அன்று அவனைத் தடுக்கும் வலிமை எனக்கு இருந்தது, தடுக்காமல் நின்றேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

கீழே நான்கு பதில்கள் விரிந்தன. முதல் இரண்டும் ஒற்றை வரிகள். நான்காவது, அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நின்ற ஏதோ ஒன்று; அதை நான் படிக்கக்கூட இல்லை. என் கண்கள் மூன்றாவதில் நிலைகுத்தின. அது ஏழு வரி. உடன்பிறந்தவன் குற்றத்துக்கு நீ பொறுப்பாகமாட்டாய். ஆனால் தடுக்கும் வலிமையிருந்தும் தடுக்காதவன் பொறுப்பிலிருந்து தப்பவும் முடியாது. ஆகவே உன் துயரத்தின் அடிப்படையே முரண்பாடானது என்று, மறுக்க இடமின்றி, அடுக்கடுக்காக எழும் ஏழு வரி. நான் எழுதியதைப் போலவே இருந்தது. அழுத்தினேன்.

கொல்லன் ஏதோ சொன்னான். அதற்கும் நான்கு பதில்கள். அதிலும் நீளமானதை எடுத்தேன். மூன்றாம் சுற்றில் அவன் வாயடைத்துப்போனான். 'வாதத்தில் வென்றாய்' என்னும் பொருளில் பொன்னிற எழுத்துகள் திரையில் மின்னின. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் வேறேதோ வந்துபோனது. பொன்னெழுத்தைக் கண்டவன் சிற்றெழுத்தைப் படிப்பானா? கொல்லன் எழுந்து, சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பனிக்குள் நடந்தான். ஏதோ வேலையாகப் போகிறான் என்று நினைத்தேன்.

முக்காடு என்னைப் பார்த்து, அவனிடம் ஏன் அப்படிப் பேசினாய் என்றாள். எதிரணியில் இரண்டாவது பேச்சாளர்! அவளையும் வென்றேன். அவளும் எழுந்து போனாள். கச்சேரியை வெல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. என் நாலாவது வரி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் யாழை உறையில் போட்டுவிட்டான்.

நெருப்பருகே வீரன் மட்டும். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'சொல்லின் ஆற்றல், மூவரையும் அசைத்துவிட்டது.'

பிறகு ஓநாய்கள் வந்தன.

விசைப்பலகையில் எது வாள் என்று எனக்குத் தெரியாது. கையில் அகப்பட்டதை அழுத்தினேன். வீரன் வாளை உறையிலிட்டான். இன்னொன்றை அழுத்தினேன். மருந்துக் குப்பியைத் திறந்து தரையில் ஊற்றினான். கடைசியாக ஒன்றை அழுத்தியபோது, பாய்ந்துவரும் ஓநாய்க் கூட்டத்தை நோக்கி இடுப்பை வளைத்து, நெஞ்சில் கைவைத்து, மிக நேர்த்தியாக வணங்கினான். அவையை வணங்கும் முறை எனக்கே அவ்வளவு நேர்த்தியாக வராது. வணங்கிய நிலையிலேயே அவனைத் தின்றுவிட்டன.

'இப்பயணம் முடிந்தது' என்று திரை அறிவித்தது. பிறகு, ஒன்றுமே நடக்காததைப் போல, புதிய பயணத்தைத் தொடங்கலாமா என்று கேட்டது.

மாலையில் வந்தார்கள். அக்கா தேநீர் போட்டாள். மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு, இன்னொன்றில் அவளுக்காகத் தலையணை வைத்தார். கணினியைத் திறந்தார்.

"இன்னா கலை இது? புதுசா ஆரம்பிக்கலாமான்னு கேக்குது?"

"தப்பா எதையாச்சும் தொட்டிருப்பீங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். மீண்டும் தொட்டுப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"தினேஷு," என்றாள் அக்கா, "அண்ணாத்தே எங்க?"

"அவர் ஒரு கருத்தை முன்வைத்தார் அக்கா. நான் மறுத்தேன்."

"எங்கன்னு கேட்டேன்."

"போயிட்டாரு. ஆனா வாதத்துல நான்தான் ஜெயிச்சேன்."

"முக்காடு?"

"அவங்களையும் ஜெயிச்சிட்டேன்."

மாமா மெதுவாகக் கேட்டார்: "மச்சான், ஃபைட்டு வந்துச்சா?"

"வந்தது மாமா."

"இன்னா பண்ண?"

"வணங்கினேன்."

அவர் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. இரண்டு தேநீர்க் குவளைகளையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒன்றைக்கூட அவர்கள் குடித்திருக்கவில்லை.

அக்கா, அந்த நெருப்பருகே வந்த நான்கு பதில்களையும் சொல்லச் சொன்னாள். மூன்றைச் சொன்னேன். நான்காவது அடைப்புக்குறிக்குள் இருந்தது, அதைப் படிக்கவில்லை என்றேன்.

"அடைப்புக்குறிக்குள்ள இருந்தா அது பேச்சு இல்லடா, செய்யறது. 'ஒன்னும் சொல்லாம அவன் பக்கத்துல உக்காரு'ன்னு இருந்திருக்கும். அவன் எப்ப வாயத் தொறந்தாலும் அதுதான் வரும். நாங்க எப்பவும் அதைத்தான் எடுப்போம்." தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு மாசமா அதைத்தான் எடுத்தோம்."

இந்த அளவில் நின்றிருந்தால், ஓர் அசட்டுத் தம்பியின் கதையாக இது முடிந்திருக்கும். ஆனால் மறுநாள் மாலை பட்டிமன்றம் இருந்தது.

மொட்டைமாடியில் பந்தல்; பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான்கு பிளாக்கும் திரண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் அக்காவும் மாமாவும். அவ்வளவு நடந்த பிறகும் வந்திருந்தார்கள். செயலாளருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றாள் அக்கா. நடுவராக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

மோனிஷா முதலில் பேசினாள். கையில் குறிப்பு இல்லை, குரலில் ஏற்ற இறக்கமும் இல்லை. "நாள் பூரா ஆபீஸ்ல மத்தவங்க கதையக் கேட்டுத் தலையாட்டிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்து வாள எடுத்தேன்னா, அடிச்சா அடிதான், விழுந்தா விழுந்ததுதான். யாரும் என்னைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தோத்தா ஏன் தோத்தேன்னு எனக்கே தெரியும். எந்திரிச்சு மறுபடி நிப்பேன். சண்டைல பொய் இல்ல. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு." அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் அமர்ந்துவிட்டாள். கைதட்டல் நிதானமாகத் தொடங்கி நீண்டது. இன்றுவரை அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். முதல் நாள் எடுத்த குறிப்புகளை மேசையிலேயே விட்டுவிட்டேன். அவற்றைவிட வலிமையானது ஒன்று என்னிடம் இருந்தது.

"நடுவர் அவர்களே! விழுந்தால் எழுவேன் என்றார் எதிரணித் தோழி. வாளால் விழுந்தவன் எழலாம். சொல்லால் விழுந்தவன் எழுந்ததுண்டா? நேற்று, இதே குடியிருப்பில், நான் ஒரு கொலை செய்தேன்!"

மாடி அமைதியாயிற்று. அந்த அமைதியை நான் அறிவேன். அது பேச்சாளனுக்குக் கள். கொல்லனைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், படிக்காமல் விட்ட நான்காவது பதிலைச் சொன்னேன். உண்மையிலேயே எனக்கு அழுகை வந்தது. அதுவும் நன்றாகவே பயன்பட்டது. முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்தார். அங்கே நான் நின்றிருக்கலாம். ஆனால் எட்டு நிமிடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மீதி இருந்தது. உச்சத்தில் முடிக்க வேண்டும் என்பது நாங்கள் கற்ற பாடம்.

"அந்தக் கதை எதைச் சாதித்தது தெரியுமா? மணமாகி மூன்று திங்கள், ஒரே கூரையின்கீழ், ஒருவரோடொருவர் பேசாமல் வாழ்ந்த இரண்டு உள்ளங்களைப் பேசவைத்தது! 'சாப்பிட்டீர்களா' என்பதற்குமேல் சொல்லில்லாத வீட்டில் சொல்லை விதைத்தது! அந்தத் தம்பதி, இதோ, உங்கள் நடுவே!"

கையை நீட்டினேன். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை மேல்நோக்க, தோளிலிருந்து நீட்ட வேண்டும். அவை முழுவதும் அந்தத் திசையில் திரும்பும். திரும்பியது.

கைதட்டல் எழுந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் முன்னால் குனிந்து அக்காவிடம் கேட்டது, ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது: "அப்படியாம்மா? மூணு மாசமாவா பேசல? ஏம்மா, கட்டாயக் கல்யாணமா?"

மாமா எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தவற்றின்மேல் ஒழுங்காக வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார். பிறந்து வளர்ந்த இடம் அது. பந்தலில் பாதிப் பேருக்கு அவரைச் சிறுவயது முதல் தெரியும்.

கதையே என்று தீர்ப்பாயிற்று. சிறந்த பேச்சாளருக்கு ஐந்தடுக்கு எவர்சில்வர் கேரியர். அதைக் கையில் தூக்கிக்கொண்டு நான் அக்கா வீட்டுக் கதவருகே போய் நின்றேன். அவள் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"ஆட்டம் போனா போவுது தினேஷ். இன்னொரு தடவ ஆடிக்கலாம்," என்றாள். குரலில் சூடே இல்லை. "அந்த மூணு மாசத்த நான் உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் அந்தக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கொல்லனைத் துரத்தியது அறியாமை. அதை மன்னித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாடியில் நடந்தது வேறு. எனக்கு வருத்தம் இருந்தது உண்மை; அந்த வருத்தத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் அவையிடம் கொடுத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பைக்கூட ஒலிவாங்கி இல்லாமல் கேட்கத் தெரியாதவனாக நான் வளர்ந்திருந்தேன். கதை பெரிதா, போர் பெரிதா என்று எட்டு நிமிடம் முழங்கினேன். பதினான்கு மாதம் அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்து ஆடிய அவர்கள் இருவருக்கும் அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. மாமா வாளைப் பார்த்துக்கொள்வார். அக்கா சொல்லைப் பார்த்துக்கொள்வாள். நடுவே இரண்டு குவளைத் தேநீர்.

காணும் பொங்கலன்று போனேன். மாமாதான் கதவைத் திறந்தார். விலகி வழிவிட்டார். ரயிலில் மனப்பாடம் செய்து வந்ததைத் தொடங்கினேன்.

"மாமா, முதலாவதாக..."

"உக்காருடா," என்றாள் அக்கா.

உட்கார்ந்தேன். எனக்கு அவர்கள் பக்கத்தில் நாற்காலி இல்லை. தரையில், மாமாவின் காலருகே. அவர்கள் புதிய பயணத்தைத் தொடங்கியிருந்தார்கள். வளைகாப்புக்குள் கோட்டையை அடைய முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் முதல் ஊரின் முதல் தெருவில், மரக்கத்தியோடு நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. அதை ஒரு தவம்போலச் சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் உள்ளுக்குள் ஒன்பது முறை பேசிவிட்டேன். பத்தாவது முறை பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு அறை நன்றாக இருந்தது.

அப்போது ஆட்டம் ஏதோ கேட்டது. மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மூட்ட தூக்க ஒரு கழுத தர்றானாம் கலை. அதுக்கு இன்னா பேருன்னு கேக்கறான்."

அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத்து எழுத்தாகத் தட்டினாள். திரையில், இரண்டு பக்கமும் பொதி தொங்க, காதுகளை ஆட்டிக்கொண்டு நின்ற அந்தப் பிராணியின் தலைக்குமேல் பெயர் தோன்றியது: தினேஷ்.

மாமா குனிந்து அதைப் பார்த்தார். "இது பேசுமா?"

"பேசாது. மூட்டை மட்டுந்தான்."

"அப்ப சர்தான்," என்றார். மூன்று நாளில் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைக் கண்டேன். அதை எழுப்பியது என் பேச்சு அல்ல என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இது நடந்து இரண்டரை ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. கேடயங்கள் இருபத்தொன்பது ஆகிவிட்டன; நான் திருந்திவிட்டேன் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுடைய இரண்டாவது பயணம் குழந்தையால் வெகுவாகத் தாமதப்பட்டு இன்னமும் நடக்கிறது. அக்கா வாரந்தோறும் தொலைபேசியில் எனக்கு என் நலத்தைத் தெரிவிப்பாள். "நேத்து நீ ஆத்துல விழுந்துட்ட." "இன்னைக்கு உம்மேல பதினாறு கேடயம் ஏத்தியிருக்கோம்." ஒருமுறை கொள்ளையர்கள் சூழ்ந்தபோது, கழுதையை விட்டுவிட்டு ஓடினால் வீரன் தப்பலாம் என்ற நிலை. 'ஒரே உயிர்' முறைதான் இப்போதும். மாமா ஓடவில்லையாம். நின்று அடித்து மீட்டாராம். ஏன் மாமா என்றேன். "நீ போய்ட்டா மூட்டய யார்ரா தூக்கறது?" என்றார்.

அவர்கள் மகள் நிலாவுக்கு இப்போது இரண்டரை வயதாகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா மடியில் அமர்ந்து திரையைப் பார்ப்பாள். கழுதை வரும்போதெல்லாம் கைநீட்டி, "மாமா!" என்பாள். அவளுக்கு நான்தானே மாமா; அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். சென்ற மாதம் நான் கள்ளிக்குப்பம் போனபோது, "யாரு வந்திருக்கா பாரு, மாமா!" என்றாள் அக்கா. குழந்தை என்னைப் பார்த்தது, திரையைப் பார்த்தது, மீண்டும் என்னைப் பார்த்தது. நம்பவில்லை.

"ரெண்டும் ஒன்னுதான் கண்ணு," என்றார் மாமா.

நான் அவள் உயரத்துக்குக் குனிந்து, கழுதைக்கும் எனக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்கத் தொடங்கினேன். நிலா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு நாற்காலியிலிருந்த தலையணையை இழுத்து வந்து, என் முதுகின்மேல் ஏற்றிவைத்து, போகலாம் என்று தட்டினாள்.